நாடாப்புழு என்னும் சொல்: ஒரு திறனாய்வு

தமிழில் கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. ஆக்கப்பட்ட சொல் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்னும் ஆய்வு அரிதாகவே நிகழ்கிறது. 'நாடாப்புழு' அவ்வாய்வுக்குத் தக்க சொல்லாகும்.

நெசவாளரிடையே நாடா என்பது தறியில் ஊடையைக் கொண்டோடும் கருவி. பொதுவழக்கில் பாவாடைக்கு இடும் துணிப்பட்டை. புழுவின் பெயரில் அமைந்தது பின்னைய பொருளே. கிரேக்கத்திலிருந்து இலத்தீன் சென்ற 'டீனியா' என்பதும் பட்டை என்னும் பொருளதாகலின், இஃது உருவத்தை மட்டும் பற்றி நிற்கும் பெயர்.

பெங்களூரு அல்சூரில் தமிழும் கன்னடமும் அடுத்தடுத்து வழங்குவதால் ஒப்பீடு எளிதாகிறது. கன்னடர் இதனை 'லாடிஹுளு' என்பர். லாடி, நாடா, ஹுளு, புழு. சொன்முதற் பகரம் கன்னடத்தில் ஹகரமானது இங்கு வெளிப்படை. ஊர்ப்பெயரும் அவ்வகையினதே. பலாவைக் குறிக்கும் 'ஹலசு' என்பதினின்று ஹலசூரு பிறந்தது என்பர். தமிழர் நாவில் அந்த ஹகரமும் தேய்ந்து அல்சூர் ஆயிற்று. மலையாளம் 'நாடவிர' என்கிறது. குடற்புழுவுக்கு 'விர' என்னும் தனிச்சொல் அங்கு உண்டு. கன்னடத்தில் 'ஜந்துஹுளு' உண்டு. தமிழ்ப் பேச்சுவழக்கோ எல்லாவற்றையும் 'பூச்சி' என்பதில் அடக்கிவிடுகிறது. குழந்தைக்குக் கொடுப்பதும் பயிருக்குத் தெளிப்பதும் 'பூச்சிமருந்து' ஆனது இதனாலேயே. (பிறரை உறிஞ்சி வாழ்வோனைப் பழிக்கவும் தமிழர் கண்ணுக்குத் தெரியும் அட்டையையே தேர்ந்தனர்.)

சொல்லின் குறை மருத்துவத்தில் கடுமையாகிறது. நாடா வடிவம் குடலில் வாழும் முதிர்ந்த புழுவுக்கே உரியது. பன்றி நாடாப்புழு, சரிவர வேகாத பன்றியிறைச்சியால் குடலை அடைகிறது. வலிப்புக்குக் காரணமாவதோ மூளையில் தங்கும் அதன் இளம்பருவம். அது சிறு நீர்ப்பை போன்றது, நாடா அன்று. புழுவுடையார் மலத்தால் மாசுற்ற நீர், காய்கறி, கை ஆகியவற்றின் வழியே முட்டைகள் உட்சென்றால் அந்நிலை நேர்கிறது. ஆகவே புலால் உண்ணாதாரும் இதற்கு ஆளாகின்றனர். நிம்ஹான்ஸ் போன்ற நரம்பியல் நிறுவனங்களுக்கு இது புதிய செய்தியன்று; சொல்தான் அதனை ஏற்கவில்லை. இரு நிலைகளையும் 'நாடாப்புழு நோய்' என்றே வழங்கும்போது, பழி நோயாளியின் உணவின்மேல் விழுகிறது. கழிப்பிடமும் குடிநீரும் தப்பிவிடுகின்றன.

இளம்பருவத்தைக் 'கட்டி' என மொழிபெயர்ப்பதும் பொருந்தாது. 'மூளையில் கட்டி' எனக் கேட்ட குடும்பம் புற்றுநோயையே எண்ணும். 'புழுநீர்ப்பை' என்பது அழகிய சொல்லன்று. எனினும் அந்த அச்சத்தை அது விளைவிப்பதில்லை.