ஊகத்துக்கு இடம் தராத குறிப்பு

காப்பாரில் நாளை பிற்பகல் மழை வருமா என்று கேட்டால், ஏஐ ஏஜெண்ட் முதலில் தேடுவது ஒரு மென்பொருள் கருவியின் விளக்கக் குறிப்பைத்தான். மலேசிய அரசின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.மை, தன் வானிலை ஏபிஐக்கு எழுதியிருக்கும் குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். வானிலை ஆய்வுத் துறையின் 7 நாள் முன்னறிவிப்பு, தினமும் புதுப்பிக்கப்படும் என்று எடுத்ததுமே சொல்லிவிடுகிறது. இடக்குறியீடு ‘எஸ்டி’ என்று தொடங்கினால் மாநிலம், ‘டிஎஸ்’ என்றால் மாவட்டம், ‘டிஎன்’ என்றால் நகரம். காப்பார் கிள்ளான் மாவட்டத்தின் உட்பிரிவான ஒரு முக்கிம் என்று அறிந்த ஏஜெண்ட், தடுமாறாமல் மாவட்டக் குறியீட்டுக்குப் போகும்.

அதைவிட அழகு, காலை, பிற்பகல், இரவு என ஒவ்வொரு வேளைக்கும் வரக்கூடிய பதில்களை முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பது: ‘தியாடா ஹூஜான்’ என்றால் மழையில்லை, ‘ரிபுட் பெதிர்’ என்றால் இடிமழை. மனிதருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்வார். ஏஜெண்ட் பல நேரம் ஊகித்துவிடும். ஊகம் தவறினாலும் அதே உறுதியோடு பேசும்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட, ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையிலும் கருவிக்குப் பெயர், விளக்கம், உள்ளீட்டு வடிவம் உண்டு. அந்த விளக்கத்தை ஒற்றை வரியில் முடித்துவிடும் நண்பர்களே, எந்த அலகு, எந்த நேரம், தரவு இல்லாவிட்டால் என்ன வரும் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.