பண்ணைப் பாலத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் ஒரே வரைபடம்

சைக்கிளுக்கு வழி போட்டுத் தரும் செயலி எதுவானாலும் உள்ளே நடப்பது ஒரே கணக்குதான். வீதி எந்த வகை, மேற்பரப்பு எப்படி, ஏற்றம் எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செலவு போட்டு, கூட்டுத்தொகை குறைந்த வழியை எடுத்து நீட்டும். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை வைத்துத்தான் கோமூட், பிரௌட்டர், ஓஸ்மாண்ட் எல்லாம் இந்தக் கணக்கைப் போடுகின்றன. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் கணக்கு மாறுவதில்லை. மாறுவது திட்டமிடுகிறவரின் வேலை. யாழ்ப்பாணத்தில் வரைபடத்தில் இல்லாததைச் சேர்க்க வேண்டும். சென்னையில் அது காட்டுவதில் பாதியைக் கழிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஆசைக்கு ஓட அருமையான சுற்று ஒன்று உண்டு. நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை. அங்கே கடலைக் கடந்தால் காரைநகர், கசூரினா கடற்கரை. பிறகு பொன்னாலைப் பாலத்தால் குடாநாட்டுக்குள் வந்து வட்டுக்கோட்டையால் நகருக்குத் திரும்பலாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் பாலம் இல்லை. ‘பாதை’ எனப்படும் மிதவைதான் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும், கடற்கோட்டை பக்கத்தில் தெரியும். செயலிக்கு இந்தப் பாதை ஒரு புள்ளிக்கோடு. சில செயலிகள் படகுவழியைத் தவிர்த்து, வந்த வழியே திரும்பச் சொல்லும். சில, அது எந்த நேரமும் ஓடும் என்று நம்பிக் கோடு போடும். வேலணையில் ஒரு தேநீர்க்கடையில் கேட்டால் விடை வேறு: “போகலாம் தம்பி, ஆனா காத்து எழும்பினா பாதை ஓடாது. துறையிலை கேட்டுப் பாத்துட்டுப் போங்கோ.”

காற்றுத்தான் அந்த நிலத்தின் மலை. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தில் மதியத்துக்குப் பிறகு மேற்கே மிதிப்பது தண்டனை. ஆகவே விடியலில், காற்று திரளுமுன், திறந்த கடலை முடித்துவிட வேண்டும். பொன்னாலையில் அது முதுகுப்பக்கம் வந்துவிடும். வட்டுக்கோட்டைப் பக்கம் வேலியும் பனையும் மறைத்துக்கொள்ளும். இதே சுற்றைத் தலைகீழாக ஓடினாலும் செயலி அதே கிலோமீட்டரையும் ஏறத்தாழ அதே நேரத்தையும்தான் காட்டும். சொல்லத்தக்க மேடு இல்லாத குடாநாட்டில் அது ஏற்றங்கள் காட்டுவது இன்னொரு வேடிக்கை. பல செயலிகள் நம்பியிருக்கும் உயரத் தரவு, 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் மூலம் அளந்தது. அந்த அளவையில் மர முடிகளும் கட்டடக் கூரைகளும் ஓரளவு நிலத்தோடு சேர்ந்துவிட்டன. பனங்கூடல் பக்கமாகப் போகும் வீதிக்குச் செயலி ஏற்றம் போட்டால் பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த நிலங்கள் போருக்குப் பிறகு கட்டங்கட்டமாகத்தான் விடுவிக்கப்பட்டன. வசாவிளான் – பலாலி வீதி 2025 ஏப்ரலில், பகல் வேளைக்கு மட்டும் என்ற நிபந்தனைகளோடு திறந்தது. திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் வரைபடத்தில் கோடு கோடுதான். செய்மதிப் படத்தைப் பார்த்து வரையப்பட்ட ஒழுங்கைகளும் அப்படியே. முடக்குத் திரும்பினால் யாரோ ஒருவரின் வளவுப் படலையில் போய் முடியும்.

சென்னையில் கோடுகளுக்குப் பஞ்சமில்லை. கூகுள் மேப்ஸ் 2017 டிசம்பரில் இந்தியாவில் இருசக்கர வாகனங்களுக்கென்று தனி வழிகாட்டலைக் கொண்டுவந்தது. சைக்கிள்காரர்கள் பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். அது மோட்டார் சைக்கிளுக்கானது என்பது மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில், பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும்போது உறைக்கும். வார இறுதி விடியலில் திருவான்மியூரிலிருந்து அக்கரை, முட்டுக்காடு, கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை போய்வருவது இந்த ஊரின் சைக்கிள் சடங்கு. வழி அழகுதான். ஆனால் அந்நேரத்தில் அந்தச் சாலையில் தூக்கமில்லாமல் திரும்பும் கார்களும் உண்டு. நான் பரிந்துரைப்பது கடற்கரையை விட்டு உள்ளே போகும் வழி: திருப்போரூர், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று ஏரிகளை ஒட்டிப் போகும் சாலைகள். இங்கே செயற்கைக்கோள் படத்துக்கு நல்ல பயன் உண்டு. சாம்பல் நிறத்தில் பெரிய பள்ளம் தெரிந்தால் அது கல்குவாரி. அங்கிருந்து நெடுஞ்சாலைக்கு வரும் துண்டில் டிப்பர் லாரிகள் ஓடும், அதை விட்டு விலகிவிடலாம்.

செயலி பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலையை ஆபத்து என்று ஒதுக்கி, மாநிலச் சாலைக்குள் திருப்பும். தமிழ்நாட்டில் இது பல இடங்களில் தலைகீழ். நெடுஞ்சாலையின் ஓரத்தில் அகலமான தார் விளிம்பு இருக்கும். இருவழி மாநிலச் சாலையில் தாரின் விளிம்பிலேயே மண் தொடங்கும், இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் சைக்கிள் மண்ணில்தான் இறங்க வேண்டும். வடக்கிலங்கையில் காப்பெற் போட்ட ஏ-9 வீதியில் தனியார் பேருந்தும் இ.போ.ச. எனும் அரச பேருந்தும் போட்டிபோட்டு முந்தும் நேரங்களில் எந்த விளிம்பும் நிம்மதி தராது. அங்கே செயலியின் பயம் நியாயமானது.

ரயில் கடவையில் இரு நாடுகளும் நேரெதிர். வடக்கு ரயில் பாதை மீண்டும் 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வந்தது. காவலில்லாத கடவைகள் பல அதனோடு வந்தன. சிறு ஒழுங்கைகளை விரும்பும் சைக்கிள் வழியில் இவை அடிக்கடி குறுக்கிடும். இந்தியாவில் அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகளை 2019 ஜனவரி இறுதியோடு ஒழித்துவிட்டார்கள். பல இடங்களில் கேட்டுக்குப் பதிலாகச் சுரங்கப்பாதை. ஐப்பசி, கார்த்திகையில் அதில் தண்ணீர் நிற்கும். வரைபடத்தில் பழைய கேட் இன்னும் திறந்தே இருக்கும், நேரில் போனால், “கேட்டை மூடி ரெண்டு வருஷம் ஆச்சுப்பா, சப்வேல தண்ணி. சுத்திக்கிட்டுத்தான் போகணும்” என்பார் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர்.

புறப்படுமுன் சாலையோரத்தைக் கண்ணால் பார்க்க உதவும் ஸ்ட்ரீட் வியூ இலங்கைக்கு 2016இலேயே வந்துவிட்டது. இந்தியாவில் அனுமதி மறுப்புகளுக்குப் பிறகு, 2021இல் வரைபடக் கொள்கை தளர்ந்து, 2022 ஜூலையில்தான் சென்னை உள்ளிட்ட 10 நகரங்களில் தொடங்கியது. படம் எடுத்த ஆண்டைப் பார்க்காமல் நம்பக்கூடாது. அகலப்படுத்திய சாலையில் பழைய புளியமரங்கள் அதில் மட்டும் நிழல் தந்துகொண்டிருக்கும்.

கடைசியில், ஓட்டங்களைப் பதிவுசெய்யும் செயலியான ஸ்ட்ராவாவின் வெப்பப்படம். அதிகம் பேர் ஓடிய வழி அதில் அதிகம் ஒளிரும். ஒளிர்வது பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். அது செயலியை இயக்கிக்கொண்டு ஓடுகிறவர்களின் தடம் மட்டுமே. 1990களின் பொருளாதாரத் தடையின்போது சைக்கிளிலேயே நோயாளியையும் விறகையும் ஏற்றிய குடாநாட்டின் வழிகள் அதில் இல்லை. 2022 எரிபொருள் நெருக்கடியில் மறுபடி மிதிக்கத் தொடங்கிய அரச அலுவலர்களும் மீன் வியாபாரிகளும் பெரும்பாலும் இல்லை. தமிழ்நாட்டில் அரசு தந்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவியும் இல்லை. ஆனால் லாரி வராத தெரு எது, நாய் துரத்தும் தெரு எது என்று அவளுக்குத் தெரியும். சென்னைக் குழுக்கள் நல்ல வழிகளைத் தேடிப்பிடித்து ஜிபிஎக்ஸ் கோப்பாக வாட்சாப்பில் பகிர்கின்றன. பெரும்பாலும் அது அங்கேயே தங்கிவிடுகிறது. சுரங்கப்பாதையில் மழைநீர் நிற்கும், இந்த ஒழுங்கை படலையில் முடியும், பாதை இன்ன நேரம்வரை ஓடும் என்பதையெல்லாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரும் கணக்குத் திறந்து சேர்க்கலாம். ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் போதும்.