மாரியும் பருவப் பெயர்தான்

தமிழ் கற்பிக்கிறவள், கவிதை வேறு எழுதுகிறவள் என்பதால் குழந்தைக்குப் பெயர் கேட்டுப் பலர் என்னிடம் வருகிறார்கள். சமீப காலமாக நிபந்தனைகளும் கூடியிருக்கின்றன. பருவத்தின் பெயராக இருக்க வேண்டும், தூய தமிழாக இருக்க வேண்டும், ஆனால் 'பழசாக' ஒலிக்கக் கூடாது. பெண் குழந்தை என்றால் பெரும்பாலும் அவர்களே ஒரு பெயரோடு வருவார்கள்: இளவேனில். நான் தலையாட்டினால் போதும்.

அழகான சொல்தான். ஆனால் அது எந்தக் காலம்? நம் இலக்கணிகள் பகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் நாட்கள். குயிலும் மாந்தளிரும் சங்கப் பாட்டின் இளவேனிலிலும் உண்டு. ஆனால் ஐங்குறுநூற்றின் இளவேனிற் பத்து பாலைத் திணையில் இருக்கிறது. பருவம் வந்துவிட்டது, போனவன் வரவில்லை என்பதுதான் அதன் ஓயாத பேச்சு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றுதானே ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம்? அந்த மாதத்தில் மகள் பிறக்கக் கூடாது. அந்தப் பருவத்தின் பெயரை மட்டும் அவள் சுமக்கலாம்.

முதுவேனில் என்று மகளுக்குப் பெயர் கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. கூதிரும் பின்பனியும்கூட யாருக்கும் வேண்டாம். இந்த விருப்பத்தைப் பிடித்து வைத்திருப்பது வேனில் அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் 'இள'. அறுபது வயதிலும் ஒரு பெண்ணின் பெயரில் ஒட்டிக்கொண்டு நிற்கப்போகும் இளமை அது. ஆண் புலவர்களுக்கு 'முது' மதிப்பாகவே இருந்திருக்கிறது. உறையூர் முதுகூத்தனார் என்று கூசாமல் சொல்கிறோம். வடமொழிப் பருவப் பெயர்களின் பங்கீடும் கவனிக்கத் தக்கது. குளிர்ந்து தெளிந்த சரத்தும் ஹேமந்தும் ஆண்களுக்குப் போயின. பெண்களுக்கு வசந்தா, வர்ஷா, கிரீஷ்மா. கிரீஷ்மம் என்றால் கோடை. கோடை என்று தமிழில் பெயர் வைக்கச் சொன்னால் அந்த வீட்டில் எனக்குக் காபி கிடைக்காது.

பருவத்துக்கும் பெண்ணுக்குமான முடிச்சு இன்று போட்டதல்ல. தொல்காப்பியம் கார்காலத்தையும் மாலையையும் முல்லைக்குக் கொடுத்தது. முல்லையின் ஒழுக்கமோ காத்திருத்தல். கார் நாற்பது முழுவதும் அந்த ஒரே காத்திருப்பில் நனைகிறது. மழை வந்துவிட்டது, இன்னும் அவன் வரவில்லை. பெண் அந்த இடைவெளியாக ஆக்கப்படுகிறாள். இந்த மரபுக்குள் நின்றே அதன் குரலை மாற்றியவர் அள்ளூர் நன்முல்லையார். கார்காலப் பூவைப் பெயராகக் கொண்ட அவர் குறுந்தொகையில் பனிக்காலத்தைப் பாடுகிறார். முற்றிய உழுந்தங்காயை மான்கள் தின்னும் பனி நாளில், இந்தக் குளிருக்கு மருந்து அவன் மார்பு மட்டும்தான் என்கிறாள் அவர் படைத்த தலைவி. பொறுத்திருக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை, எனக்கு இது வேண்டும் என்கிறாள். பருவம் அங்கே அலங்காரம் இல்லை, உடம்பில் ஏறிய குளிர்.

பெயர் கேட்டு வருகிறவர்களிடம் நான் ஒரு பெயரைச் சொல்வதுண்டு: மாரி. இரண்டே எழுத்து, சங்கத் தமிழ், பொருள் மழை. அவர்கள் கேட்ட எல்லா நிபந்தனையும் அதில் நிறைவேறுகிறது. உடனே முகம் மாறும். "மேடம், அது வேற மாதிரி இருக்குமே." அந்த 'வேற மாதிரி'க்குள் சாதி இருக்கிறது. மாரியம்மாள், மாரியாயி, மாரிச்செல்வி எல்லாம் களை பறித்த, செங்கல் சுமந்த, வீட்டுவேலை செய்த பெண்களின் பெயர்கள். அம்மை இறங்கிய பிறகு, வேண்டுதல் பலித்த பிறகு வைத்தவை. அம்மனின் பெயர் மழையிலிருந்து வரவில்லை, கொள்ளைநோயைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. இருக்கட்டும். மழை பொய்த்த ஆண்டில் கூழ் காய்ச்சி அவளிடம்தான் மழை கேட்கிறார்கள். சொற்பிறப்பு அகராதியைவிட அந்தக் கூழ்ப்பானையை நான் நம்புகிறேன். வர்ஷாவுக்கும் இதே பொருள்தான், ஆனால் அது நாகரிகம். கடைகளில் விற்கும் பெயர்ப் புத்தகங்களில் பருவம் என்றால் பூவும் தென்றலும். மழை பெய்தால்தான் அடுப்பு எரியும் என்ற வீடுகளில் பருவத்துக்கு வைத்த பெயரைப் பருவப் பெயராகவே நாம் எண்ணுவதில்லை.

வருகைப் பதிவேட்டில் மாரியம்மாள் என்றிருக்கும் மாணவியைத் தோழிகள் மகி என்றோ ரியா என்றோ கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் அவளே கேட்டுக்கொண்டதாக இருக்கும். அது அவள் உரிமை, நான் திருத்துவதில்லை. புறநானூற்றில் பாரியைப் பற்றிக் கபிலர் பாடியதை நடத்தும்போது மட்டும் ஒன்று நடக்கும். எல்லோரும் பாரி பாரி என்று அவன் ஒருவனையே புகழ்கிறார்களே, உலகைக் காக்க மாரியும் இருக்கிறதே என்று கபிலர் சொல்லும் இடத்தில், அந்தச் சொல்லைக் கேட்டதும் கடைசி பெஞ்சில் யாராவது ஒருத்தி சிரித்து, அவளைத் திரும்பிப் பார்ப்பாள். நான் அந்தப் பாட்டை முதலிலிருந்து இன்னொரு முறை, மெதுவாக வாசிப்பேன்.