பூனைக்குட்டியும் அகதிச் சிறுமியும்

நாய் வாலை ஆட்டுவது இயல்பு. வாலே நாயை ஆட்டத் தொடங்கினால் என்னாகும்? இக்கேள்வியையே தலைப்பாகக் கொண்டு 1997-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த திரைப்படம் 'வேக் த டாக்'. லாரி பைன்ஹார்ட் 1993-இல் எழுதிய 'அமெரிக்கன் ஹீரோ' என்னும் புதினத்தைத் தழுவி, ஹிலாரி ஹென்கினும் டேவிட் மாமெட்டும் திரைக்கதை அமைக்க, பேரி லெவின்சன் இயக்கிய படம் இது. போரையும் ஊடகத்தையும் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இப்படத்தின் பெயர் இன்றும் அடிபடுகிறது. பலருக்கு இது ஒரு நகைச்சுவைப் படம். சிலருக்கு ஏறத்தாழ ஒரு வேதநூல். அதனாலேயே இதனை மீண்டும் ஒருமுறை உரைத்துப் பார்ப்பது பயனுள்ளது எனக் கருதுகிறோம்.

கதை சிறியது. தேர்தலுக்கு இரு வாரங்கூட இல்லாத வேளையில் அமெரிக்க அதிபர் மீது இளம்பெண் ஒருத்தி பாலியல் குற்றம் சாட்டுகிறாள். மக்களின் பார்வையை வேறுபக்கம் திருப்புவதற்கென்றே கான்ராட் பிரீன் என்னும் தந்திரசாலி வரவழைக்கப்படுகிறான். அவன் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஸ்டான்லி மாட்ஸைத் தேடிச் செல்கிறான். இருவரும் சேர்ந்து, நடக்காத ஒரு போரைத் 'தயாரிக்கின்றனர்'. எதிரி நாடு அல்பேனியா. அதனைத் தேர்ந்ததற்குக் காரணம், அமெரிக்கருள் எவருக்கும் அந்நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதே.

படத்தின் உச்சம் ஒரு படக்கூடக் காட்சி. வெறுந்திரைக்கு முன்னே இளநடிகை ஒருத்தி வறுவல் பொட்டலம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறாள். கணினி அப்பொட்டலத்தைப் பூனைக்குட்டியாக மாற்றுகிறது. பின்னால் எரியும் சிற்றூரும் ஒரு பாலமும் முளைக்கின்றன. அபாயச் சங்கும் அலறலும் சேர்க்கப்படுகின்றன. பூனை வெள்ளையாகவே இருக்கட்டும் என்று அதிபரிடமிருந்தே தொலைபேசியில் விருப்பம் வருகிறது! சிறிது நேரத்தில் அந்த 'அகதிச் சிறுமி' நாடெங்கும் தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருக்கிறாள். இக்காட்சியில் கொடியவன் என்று எவனும் இல்லை. ஒலிப்பதிவாளர், கணினிக் கலைஞர், உடையலங்காரம் செய்பவர் என எல்லாரும் தத்தம் தொழிலைச் செவ்வனே செய்கின்றனர்; நேரத்துக்குள் முடித்ததில் மகிழ்கின்றனர். பொய் எவ்வளவு சாதாரணமாக, எவ்வளவு உழைப்போடு உற்பத்தியாகிறது என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய படம் வேறொன்றை நாம் கண்டதில்லை. (டஸ்டின் ஹாஃப்மனின் நடிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், அது இங்கு நம் வேலையன்று.)

இதெல்லாம் கற்பனை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. மூலப் புதினமே 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. அப்போருக்குச் சில மாதங்களுக்கு முன், 1990 அக்டோபர் 10 அன்று, அமெரிக்கக் காங்கிரசு உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றன் முன்னிலையில் 15 வயதுப் பெண் ஒருத்தி கண்ணீரோடு சாட்சி சொன்னாள். குவைத் மருத்துவமனைக்குள் புகுந்த ஈராக்கியப் படைவீரர்கள் பச்சிளங்குழந்தைகளை இன்குபேட்டர்களிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகும்படி விட்டதைத் தானே கண்டதாகக் கூறினாள். அன்றைய அதிபர் மூத்த புஷ் இக்கதையைத் தம் உரைகளில் பலமுறை எடுத்தாண்டார். 1991 ஜனவரியில் செனட் அவை 52-க்கு 47 என்னும் வாக்குகளில் போருக்கு இசைவளித்தது. அவ்விவாதத்திலும் இக்குழந்தைகள் பேசப்பட்டனர். அப்பெண் அமெரிக்காவிலிருந்த குவைத் தூதரின் மகள் என்பதும், சாட்சியத்தின் பின்னணியில் ஹில் அண்ட் நோல்டன் என்னும் மக்கள் தொடர்பு நிறுவனம் நின்றது என்பதும் 1992 ஜனவரியில்தான் வெளிச்சத்திற்கு வந்தன. அக்கதையை முதலில் ஏற்று வெளியிட்ட ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு, போர் முடிந்த சில வாரங்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றிருந்தது.

ஆயினும், குவைத்தில் ஈராக்கியப் படை செய்த கொடுமை பொய்யன்று. கொலை, சித்திரவதை, கொள்ளை எல்லாம் மெய்யாகவே நடந்தன. உள்ள துன்பம் போதாதென்று இல்லாத துன்பம் ஒன்று ஏன் சேர்க்கப்பட்டது? 'வேக் த டாக்' இக்கேள்விக்குள் நுழையவே இல்லை. அங்கே போர் முழுப்பொய். துன்புறுவோர் எவரும் இல்லை. உலகில் நடப்பதோ பெரும்பாலும் வேறு. பொய் வெற்றிடத்தில் முளைப்பதில்லை. மெய்யான காயத்தின் மேல்தான் அது வந்து அமர்கிறது.

படம் வெளிவந்து எட்டு மாதங்களில், 1998 ஆகஸ்டு 20 அன்று, தம் ஒழுக்கக்கேடு பற்றி அதிபர் கிளின்டன் நாட்டுக்கு ஒப்புக்கொண்ட மூன்றாம் நாள், சூடான் மீதும் ஆப்கானிஸ்தான் மீதும் அமெரிக்க ஏவுகணைகள் பாய்ந்தன. செய்தியாளர்கள் பாதுகாப்புச் செயலரிடம் இப்படத்தின் பெயரைச் சொல்லியே கேள்வி கேட்டனர். படத்துக்கு ஒரு தீர்க்கதரிசியின் மதிப்பு வந்து சேர்ந்தது. அம்மதிப்பு எவ்வாறு பயன்பட்டது என்பதை அடுத்த ஆண்டு காட்டியது. 1999 மார்ச் 24 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவையின் இசைவு இன்றி, கொசோவோவின் அல்பேனிய மக்களைக் காப்பதற்கென்று கூறி நேட்டோ அமைப்பு யூகோஸ்லாவியா மீது குண்டுவீசத் தொடங்கியது. அவ்வேளையில் செர்பிய அரசுத் தொலைக்காட்சி தன் மக்களுக்கு ஒளிபரப்பிய படங்களுள் ஒன்று 'வேக் த டாக்'! அல்பேனிய அகதிகளா? அது அமெரிக்கரின் படக்கூடத்தில் பூனைக்குட்டியோடு ஓடும் நடிகை. பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே அதன் உட்பொருள். அதே வாரங்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பேனியர் கொசோவோவிலிருந்து துரத்தப்பட்டு, மாசிடோனியாவின் எல்லையிலும் அல்பேனியாவின் எல்லையிலும் சேற்றில் நின்றனர். அவர்களுள் சிறுமிகளும் இருந்தனர்.

ஒரு கலைப்படைப்பைத் தீயவர் தவறாகக் கையாண்டால் அதற்குக் கலைஞர் பொறுப்பாவாரா என்று வாசகர் கேட்கலாம். பொதுவாக ஆகமாட்டார் என்போம். ஆனால் இப்படம் அக்கைகளுக்கு எளிதாக வசப்பட்டதற்கு அதனுள்ளேயே ஒரு காரணம் உண்டு. அல்பேனியா என்னும் நாட்டின் பெயரை மணிக்கணக்கில் உச்சரிக்கும் படத்தில், ஒரு முழு மனிதராக ஓர் அல்பேனியர்கூட வருவதில்லை. ஒருவருக்கும் தெரியாத நாடு என்று எவரைப் பார்த்து இயக்குநர் நகைக்கிறாரோ, அவர்களுடைய அறியாமையிலேயே தம் படத்தையும் அவர் நிறுத்திவிடுகிறார். பிறகு 'மாவீரன்' என்று புனையப்பட்ட படைவீரனின் கதையிலும், தேசியக்கொடி போர்த்திய அவனது சவப்பெட்டியிலும் நம்மைச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுகிறார். ஏமாற்றுவோரும் ஏமாறுவோருமே அவருடைய உலகம். துன்புறுவோருக்கு அதில் இடமில்லை.

இதன் விளைவை நம் பங்கின் இளைஞர் மன்றத்தில் கண்டோம். ஒரு மாலை இப்படத்தைக் காட்டிவிட்டு உரையாடியபோது, படித்த இளைஞர் ஒருவர் எழுந்து, "இனிமே டி.வி.யில எந்த அகதியைக் காட்டினாலும் நம்பத் தேவையில்ல சாமி, எல்லாம் செட்டப்புதான்" என்றார். கைத்தட்டலும் கிடைத்தது. ஏமாறாத அறிவு அவருக்கு வந்துவிட்டது. ஆனால் எரிக்கோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிச் சென்ற குருவுக்கும் லேவியனுக்கும் இதைவிட வசதியான காரணம் கிடைத்திருக்குமா என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியதாயிற்று. மன்றம் சற்று நேரம் அமைதியாயிருந்தது.

கொசோவோவில் பொய்யும் மெய்யும் பின்னிக் கிடந்த விதத்தை இப்படத்தின் அளவுகோலால் அளக்கவே முடியாது. 1999 ஏப்ரல் 12 அன்று கிர்தெலிக்கா பாலத்தின் மேல் சென்ற பயணிகள் தொடர்வண்டியை நேட்டோ ஏவுகணைகள் தாக்கிப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விமானி வண்டியைக் கண்டு தவிர்க்க நேரமே இருக்கவில்லை என்று விளக்க, நேட்டோ தளபதி வெஸ்லி கிளார்க் ஏவுகணையின் ஒளிப்படத்தைச் செய்தியாளருக்குக் காட்டினார். அப்படம் இயல்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டப்பட்டது என்பது 2000 ஜனவரியில் வெளியாயிற்று. அது தொழில்நுட்பக் கோளாறு என்றது நேட்டோ. மே 16 அன்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் கோஹன், ஒரு லட்சம் அல்பேனிய ஆடவரைக் காணவில்லை, அவர்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்றார். புதைகுழிகள் தோண்டப்பட்டபோது அவ்வெண் எட்டாத உயரத்தில் நின்றது. உடனே எழுந்தது மறுப்புக் கூட்டம்: லட்சம் பொய்யென்றால் ஆயிரங்களும் பொய்தானே!

திருச்சபையின் மரபு இவ்விடத்தில் நமக்கு எளிய விடை எதையும் தருவதில்லை. 1992 டிசம்பரில் உரோமை நகரில் நடந்த பன்னாட்டு ஊட்டச்சத்து மாநாட்டில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், மக்களினங்களின் உயிர்வாழ்வே கேள்விக்குள்ளாகும் இடத்தில் மனிதநேயத் தலையீடு உலக சமுதாயத்தின் கடமை என்றார். போஸ்னியா எரிந்துகொண்டிருந்த காலம் அது. அதே திருத்தந்தை 1999-இல் குண்டுவீச்சு நிற்க வேண்டும் என்று மன்றாடினார். பேராயர் தவ்ரானைப் பெல்கிரேடுக்கு அனுப்பினார். இது முரண்பாடு என்பர் சிலர். அவ்வாறன்று. கடமை உண்டென்று சொல்வது ஒன்று. கையிலெடுத்த வழி அக்கடமைக்கு ஏற்றதா என்று ஆராய்வது மற்றொன்று. நீதியான போருக்குப் புனித தாமஸ் அக்வினாஸ் மூன்று நிபந்தனைகள் வைத்தார்: முறையான அதிகாரம், நீதியான காரணம், நேரிய நோக்கம். முதலிரண்டைப் பற்றி நாளிதழ்களிலும் பேசுகின்றனர். மூன்றாவதை உள்ளத்தின் இரகசியம் என்று விட்டுவிடுகின்றனர். நமக்கோ, நோக்கம் நேரியதா என்று வெளியே நின்று அறிய உதவும் அடையாளங்களுள் முதன்மையானது பேச்சின் உண்மை என்றே படுகிறது. தன் காரணம் போதும் என்று நம்புகிறவனுக்கு ஒளிப்படத்தின் வேகத்தைக் கூட்டவும் எண்ணிக்கையின் பின்னால் சுழியங்களைச் சேர்க்கவும் தேவையிராது.

நீதியான போரைப் பற்றிச் சிந்தித்த கிறிஸ்தவச் சான்றோருள் முன்னோடியான புனித அகுஸ்தினாரே 420-ஆம் ஆண்டையொட்டிப் 'பொய்க்கு எதிராக' என்றொரு நூலையும் எழுதினார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மறைந்து வாழும் திரிபுக்கொள்கையினரைப் பிடிப்பதற்காக நாமும் அவர்களைப் போல நடித்துப் பொய் சொன்னால் என்ன என்று கேட்டவர்களுக்கு அவர் கூடாது என்றே விடையிறுத்தார். உண்மைக்காகப் பொய் சொல்பவனின் வாயிலிருந்து பிறகு உண்மையே வந்தாலும் எவர் நம்புவர் என்பது அவரது வாதத்தின் ஓர் இழை. பொதுக்கருத்தைத் திரிக்க ஊடகத்தில் பொய்ச் செய்தி பரப்புவதை எதுவும் நியாயப்படுத்தாது எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2498) கூறுகிறது. நல்ல போருக்கென்று அது விலக்கு அளிக்கவில்லை.

செர்பியத் தொலைக்காட்சியின் பக்கமும் இதே அளவுகோலைத் திருப்ப வேண்டும். ஏப்ரல் 23 அன்று பெல்கிரேடில் அதன் நிலையத்தை நேட்டோ குண்டுவீசித் தகர்த்தபோது பணியாளர் 16 பேர் மாண்டனர். பொய்ப் பரப்புரைக்குத் தண்டனை மரணம் என்று எந்த நீதிநெறியும் சொல்லவில்லை. இரவுப்பணியில் இருந்தோர் அப்பொய்யின் ஆசிரியருமல்லர். ஆயினும் தாக்குதல் வரக்கூடும் என்று எச்சரிக்கப்பட்டிருந்தும் பணியாளரை வெளியேற்றவில்லை என்பதற்காக அந்நிலையத்தின் தலைவர் 2002-இல் செர்பிய நீதிமன்றத்தாலேயே சிறைக்கு அனுப்பப்பட்டார்.

'வேக் த டாக்' செர்பியாவில் ஓடிய அதே இளவேனிலில், ஏப்ரல் முதல் வாரத்தில், டான்யூப் ஆற்றில் தெக்கியா என்னும் ஊரருகே குளிர்பதன லாரி ஒன்று மிதந்தது. உள்ளே எண்பதுக்கும் மேற்பட்ட கொசோவோ அல்பேனியரின் சடலங்கள். காவல்துறை அவற்றை இரவோடு இரவாக அகற்றிற்று. செய்தி வெளிவர 2001 வரை ஆயிற்று. பெல்கிரேடை அடுத்த பதாய்நிக்கா காவல்துறைப் பயிற்சித் திடலின் புதைகுழிகளிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்ட உடல்கள் எடுக்கப்பட்டன. இதன்பின் பெல்கிரேடிலேயே இயங்கும் மனிதநேயச் சட்ட மையம், கொசோவோவைச் சேர்ந்த தன் கூட்டமைப்போடு சேர்ந்து, 1998 முதல் 2000 வரை இப்போரால் மாண்டோரையும் காணாமற்போனோரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தொகுத்தது. படக்கூடமும் இன்றி, சுழியங்களும் சேர்க்காமல், வீடுவீடாகச் சென்று சாட்சியம் கேட்டு எடுத்த கணக்கு அது. மொத்தம் 13,535 பெயர்கள்: அல்பேனியர் 10,812 பேர், செர்பியர் 2,197 பேர், ரோமா உள்ளிட்ட பிறர் 526 பேர்.