வ. ரா.: விடுதலையும் உரைநடையும்

வ. ரா. எனப்பட்ட வ. ராமசாமி ஐயங்கார் (1889–1951) ஈழத்து வாசகருக்கு அந்நியரல்லர். 1930இல் கொழும்பில் தொடங்கப்பெற்ற 'வீரகேசரி'யின் ஆசிரியராக அத்தசாப்தத்தின் நடுப்பகுதியிற் பணியாற்றியவர். எனினும், பாரதியின் சீடர், 'மணிக்கொடி'யைத் தொடங்கியோருள் ஒருவர் என்னும் இரு அடைமொழிகளோடு அவரைப் பற்றிய பேச்சுப் பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. அவை உண்மையே, ஆயின் அவருடைய எழுத்தை எடைபோட அவை போதா.

தஞ்சை மாவட்டத்து வைதிகக் குடும்பமொன்றிற் பிறந்து பூணூலைக் களைந்தவர். 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்திற் சிறை சென்றவர். நாட்டின் விடுதலையும் வீட்டினுள் வேண்டிய விடுதலையும் அவருக்கு வேறல்ல. காதரின் மேயோ 1927இல் வெளியிட்ட 'மதர் இந்தியா' என்ற நூல், குழந்தை மணம் முதலிய கேடுகளைக் காட்டி, இந்தியர் சுயாட்சிக்குத் தகுதியற்றவர் என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியது. அதற்குச் சூடான மறுப்பு எழுதினார் வ. ரா. அதே வ. ரா.தான் 'சுந்தரி' நாவலில் இளம் விதவையொருத்தியின் துயரை முன்வைத்துத் தம் சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர். இதனை முரண்பாடு என்பாருமுளர். அவ்வாறன்று. சமூகக் குறைகளை அடிமைத்தனத்துக்கு நியாயமாக்குவதையே அவர் பகைத்தார் எனக் கொள்வதே பொருந்தும். தன் குறையைத் தானே இடித்துரைக்கும் உரிமையும் விடுதலையின் ஒரு கூறன்றோ!

ஆனால் உயர்ந்த கொள்கை உயர்ந்த நாவலாகிவிடுவதில்லை. 'சுந்தரி'யிலும், பெண்கள் ஆட்சிபுரியும் தீவொன்றைக் கற்பனை செய்யும் 'கோதைத் தீவு' நாவலிலும், பாத்திரங்கள் பேசவேண்டிய இடத்தில் ஆசிரியர் பேசிவிடுகின்றார். சீர்திருத்தவாதியின் அவசரம் கதைஞனின் பொறுமையை விழுங்கிவிடுகின்றது. 'கோதைத் தீவு' எழுப்பும் வினா இன்றும் கூர்மழுங்கவில்லை. அதனை ஏந்திவந்த கலைவடிவமே தளர்ந்துள்ளது.

இக்குறை அவருடைய நடைச்சித்திரங்களில் இல்லை. அன்றாடம் எதிர்ப்படும் எளிய மனிதர் ஒருவரைச் சில பக்கங்களுள் உயிரோடு நிறுத்தும் இவ்வடிவத்தில், பிரசங்கத்துக்கு இடம் குறைவு. பார்வைக்கே வேலை அதிகம். புதுச்சேரியிற் பாரதியை முதன்முதல் சந்தித்தபோது வ. ரா. ஆங்கிலத்திற் பேச்சைத் தொடங்கினார் என்பதும், பாரதிக்கு அது உவப்பாயில்லை என்பதும் பலரறிந்த செய்தி. அன்று பெற்ற வெட்கம் வீண்போகவில்லை போலும்! பண்டிதர் நடையும் ஆங்கிலத்தின் சாயலும் படியாத, சிறு சிறு வாக்கியங்களாலான, பேச்சின் சூடு ஆறாத தமிழ் அவருக்குக் கைவந்தது. தமிழ் உரைநடை வரலாற்றில் அவருக்குரிய இடத்தை உறுதிசெய்வன நாவல்களல்ல, இவையே.

பாரதி மகாகவியா என்று 1930களில் எழுந்த விவாதத்தில் வ. ரா. காட்டிய வேகம் அளவு கடந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் கல்கி முதலியோரோடு நிகழ்ந்த அந்த மோதலின் பயனாகவே, கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் 'கண்ணன் என் கவி' என்னும் திறனாய்வு நூலை ஆக்கினர். வ. ரா.வின் 'மகாகவி பாரதியார்' நூலிற் கவிதையாராய்ச்சியைத் தேடுவோர் ஏமாறுவர். பாரதி நடந்ததும், சிரித்ததும், சினந்ததும், பாடியதுமே அதிலுள்ளன. அதுவும் ஒரு நடைச்சித்திரம், வ. ரா. எழுதியவற்றுள் மிக நீண்டதும், மிகச் சிறந்ததும் அதுவே.