அட்டாங்க யோகத்தைப் படிக்கட்டாக வரையலாமா? திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு



உங்களிடம் உள்ள திருமந்திரக் குறிப்பை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் தந்திரம் என்ற தலைப்பின் கீழ் ஒரு படிக்கட்டுப் படம் இருக்க வாய்ப்புண்டு. அடிப்படி இயமம், அதற்கு மேல் நியமம், பிறகு ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், உச்சியில் சமாதி. பக்கத்தில் ஓர் அம்புக்குறி, "வீடுபேறு" என்று. இந்தப் படத்தை நானும் பல வருஷம் வெண்பலகையில் வரைந்தவன்தான். பத்துமலைப் படிக்கட்டு மாதிரி என்று சொல்லிக்கொடுத்ததும் உண்டு. நம்ம பிள்ளைகளுக்கு 272 படி என்றால் உடனே புரியுமே!

கிள்ளானில் ஒரு சனிக்கிழமை வகுப்பில்தான் அந்தப் படம் சரிந்தது. ஐந்தாம் படிவம் முடித்த மாணவி ஒருத்தி, குறிப்பை மட்டும் படிக்காமல் நூலையே புரட்டிவிட்டு வந்து கேட்டாள்: "ஐயா, இரண்டாம் படியிலேயே சிவபதம் கிடைச்சிட்டா, மூணாம் படியில ஏன் மறுபடியும் இந்திரலோகத்துக்கு எறங்கணும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்தேன். அந்த அடுத்த வாரத்துக்காகத் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் கேட்டது எதைப் பற்றி என்று முதலில் பார்ப்போம். மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் எட்டு அங்கங்களையும் தனித்தனித் தலைப்பில் பாடி முடிக்கிறார். சமாதியோடு நிறுத்தவில்லை. அதன்பின் "அட்டாங்க யோகப் பேறு" என்று ஒரு பகுதி வருகிறது. அங்கே எட்டுப் பாடல்கள், அங்கத்துக்கு ஒன்று. அதாவது பயிற்சி எட்டு என்றால் பேறும் எட்டு. நம் குறிப்புகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகும், இல்லையென்றால் "யோகத்தின் பயன்கள்" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். காரணம் எளிது: அந்த எட்டுப் பாடல்களும் படிக்கட்டுப் படத்துக்குள் அடங்குவதில்லை.

முதல் பேறு, அதாவது இயமத்தின் பேறு, அமராபதி. இந்திரனின் நகரம். சரி, கீழ்ப்படிக்கு இது போதும் என்று நினைப்போம். இரண்டாவது பாடலில், நியமத்தில் நின்றவனுக்கு முனிவர்கள் எதிர்வந்து வரவேற்கச் சிவபதமே கிடைக்கிறது. மூன்றாவது பாடலைப் பாருங்கள், ஆதனத்துக்குரியது. முழவும் குழலும் ஒலிக்க, அமராபதிச் செல்வன் என்று புகழப்பட்டு இன்பமாக வீற்றிருக்கும் காட்சி. மறுபடியும் அமராபதி! படிக்கட்டு என்றால் இது பதவி இறக்கம். நான்காவதில் அமரர் கூட்டம் வந்து எதிர்கொள்ளச் சிவகதி. ஐந்தாவதில் திசை காக்கும் தேவர்கள் "யார் இவன்?" என்று கேட்க, "இவன் அரனே" என்று விடை வருகிறது.

கவிதை என்ற அளவில் இந்த எட்டும் திருமந்திரத்தின் மிகச் சிறந்த பாடல்கள் என்று நான் சொல்லமாட்டேன். தேவர்கள் எதிர்கொள்ளும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஐந்தாவது பாடலில் மட்டும் அந்தக் கேள்வியும் பதிலும் சேர்ந்து ஒரு சின்ன நாடகத்தைத் தருகின்றன. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்தப் பாடல்களுக்குள் அங்கத்தின் பெயர் பெரும்பாலும் இல்லை. வரிசையை வைத்தே உரையாசிரியர்கள் பொருத்துகிறார்கள். ஆகவே "நியமத்தின் பேறு சிவபதம்" என்று எழுதும்போது அது வரிசை வழி வந்த பொருத்தம் என்ற நினைவு இருக்கட்டும். அப்படியே கொண்டாலும், பேறுகள் கீழிருந்து மேலாக ஒழுங்காக ஏறவில்லை என்பது தெளிவு.

அப்படியானால் அங்கங்களுக்கு வரிசையே கிடையாதா? உண்டு. மூன்றாம் தந்திரத்தின் தொடக்கத்திலேயே, அந்த வழி இந்த வழி என்று அலையாமல் எட்டு அங்க வழியில் சென்று சமாதியில் நில்லுங்கள் என்று திருமூலர் சொல்லிவிடுகிறார். என் வாதத்துக்கு எதிரான பாடல் இது. மறைப்பது முறையல்ல. சமாதி கடைசியில்தான் வருகிறது, அதில் ஐயமில்லை. கேள்வி வேறு: சமாதிக்குப் போனவன் இயமத்தைக் கீழே விட்டுவிட்டுப் போகிறானா?

"அங்கம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கம் என்றால் உறுப்பு. திருக்குறளில் அங்கவியல் படித்திருக்கிறீர்கள். அமைச்சு, நாடு, அரண், பொருள், படை, நட்பு என்று அரசின் உறுப்புகள் அங்கே பேசப்படுகின்றன. அமைச்சு முதல் படி, நட்பு கடைசிப் படி என்று யாரும் படம் வரைவதில்லை. ஒன்று போனாலும் அரசு ஊனப்படும். அட்டாங்கம் என்பதிலும் அதே சொல்தான். பத்துமலையில் பத்தாவது படிக்குப் போனவனுக்கு முதல் படி தேவையில்லை. கைக்கு வலு வந்துவிட்டது என்பதற்காகக் காலை யாரும் கழற்றி வைப்பதில்லை.

இதற்கு நூலுக்குள்ளேயே ஒரு சான்று இருக்கிறது. மாணவர்கள் இதைத் தேர்வில் பயன்படுத்தலாம். இயமத்தைப் பற்றிய பாடலில் திருமூலர் என்னென்ன சொல்கிறார்? கொல்லாமை, பொய்யாமை, களவின்மை என்று தொடங்கி அடக்கம், நடுநிலை என்று போய், நடுவில் பகுத்து உண்பவன் என்று ஒன்றைச் சேர்க்கிறார். மாசின்மையும் கள், காமம் இன்மையும் அதன்பின் வருகின்றன. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இயமம் ஐந்து: அகிம்சை, சத்தியம், அத்தேயம், பிரமசரியம், அபரிக்கிரகம். அந்த ஐந்தும் விலக்கு வகையில் அமைந்தவை. அபரிக்கிரகம் என்பது பிறர் பொருளை ஏற்றுச் சேர்த்துவைக்காமை. திருமூலர் அந்த இடத்தில் சேர்க்காதே என்று சொல்லவில்லை. இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடு என்கிறார். திருக்குறளிலும் கொல்லாமை அதிகாரத்துக்குள்ளேயே பகுத்துண்ணல் வருவது உங்களுக்குத் தெரியும். கொல்லாமையையும் சோறு பகிர்வதையும் ஒரே மூச்சில் சொல்வது தமிழ் அறநூல் மரபு. யோகத்தின் வாசலிலேயே அதைத்தான் திருமூலர் நிறுத்துகிறார்.

அடுத்து நியமத்துக்கு வாருங்கள். அங்கே தவம், செபம், சந்தோடம் ஆகியவற்றோடு தானமும் இருக்கிறது. பதஞ்சலியின் நியமம் ஐந்தில் தானம் கிடையாது. பிறகு பேற்றுப் பகுதியின் ஆறாம் பாடல், தாரணைக்குரியது. நமனின் வழியை மாற்றும் நல்வழியாளரைப் பற்றிய பாடல் அது. அங்கே சுருங்காத கொடை மறுபடியும் பேசப்படுகிறது. இயமத்தில் தொடங்கிய பகிர்வு, நியமத்தில் தானமாகி, தாரணையின் பேற்றிலும் வந்து நிற்கிறது. மனத்தை ஒரு புள்ளியில் நிறுத்தும் அளவுக்குப் போன பிறகும் கொடுப்பது நிற்கவில்லை. முதல் படி கீழே கிடக்கிறது என்று இனிமேல் எப்படிச் சொல்வது?

அப்போ இந்தப் படிக்கட்டு எங்கிருந்து வந்தது? என் ஊகத்தைச் சொல்கிறேன். சுவாமி விவேகானந்தரின் இராஜயோக நூல் 1896-இல் வெளிவந்தது. அதில் எட்டு அங்கங்களையும் அவர் எட்டுப் படிகள் என்றே விளக்குகிறார். பதஞ்சலியிடமும் படிநிலை எண்ணம் உண்டு. தாரணை, தியானம், சமாதி மூன்றும் முந்திய ஐந்தைவிட அகத்துக்கு நெருக்கமானவை என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். ஆகவே பதஞ்சலிக்கு அந்தப் படம் ஓரளவு பொருந்தும். விவேகானந்தர் பெயரால் பிரிக்பீல்ட்ஸில் 1904-இல் எழுந்த ஆசிரமம் இன்றும் இருக்கிறது. நம் வட்டாரத்துக்கு அவர் புதியவர் அல்லர். யோகம் என்றதும் நாம் பதஞ்சலியையும் விவேகானந்தரையும் நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் திருமந்திரக் கேள்விக்குப் பதஞ்சலியின் விளக்கத்தை எழுதி அடியில் திருமூலர் பெயரைப் போடுவது வேறு விஷயம். அப்படிப்பட்ட விடைகளை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். அவற்றுக்கு மதிப்பெண் கொடுத்தும் இருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

சைவ சித்தாந்தத்தில் உண்மையிலேயே படிமுறையாகச் சொல்லப்படுவது வேறொன்று: சரியை, கிரியை, யோகம், ஞானம். ஐந்தாம் தந்திரத்தில் திருமூலர் இதை விரிக்கிறார். அவற்றின் பேறுகள் முறையே சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம். இதில் யோகம் மூன்றாவது என்பதைக் கவனியுங்கள். எட்டு அங்கத்தையும் முடித்தாலும் ஞானம் இன்னும் பாக்கி. குறிப்பில் உள்ள அந்த அம்புக்குறி, சமாதியிலிருந்து நேரே வீடுபேற்றுக்குப் போவது, இங்கேயும் இடிக்கிறது. இந்த நான்கையும்கூடத் தாயுமானவர் படிக்கட்டாகப் பார்க்கவில்லை. அரும்பு, மலர், காய், கனி என்றார். மலர்தான் காயாகிறது, காய்தான் கனியாகிறது. எதையும் கீழே விட்டுவிட்டு மேலே போவதில்லை.

இந்த நான்கு நெறிக்கும் நால்வரை எடுத்துக்காட்டாகச் சொல்வது சைவ மரபு. அப்பர் சரியை, சம்பந்தர் கிரியை, சுந்தரர் யோகம், மாணிக்கவாசகர் ஞானம். மனப்பாடமாக எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நின்று யோசித்தால், சுந்தரரா யோகி? ஆதனமிட்டு மூச்சடக்கி அமர்ந்தவராகப் பெரியபுராணம் அவரைக் காட்டவில்லையே. இறைவனைப் பரவையார் வீட்டுக்குத் தூது போகச் சொன்னவர் அவர். அவருடைய நெறிக்குப் பெயர் சகமார்க்கம், தோழமை நெறி. யோகம் என்ற சொல்லுக்கு இணைதல் என்ற பொருளும் உண்டு என்பதை நினைத்தால், சுந்தரரை அங்கே வைத்தது ஏன் என்று புரியும். உயர்நிலை மாணவர்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் தொட்டால் விடையின் தரமே மாறும்.

பிராணாயாமம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 என்ற கணக்கைத் திருமூலர் பாடியிருக்கிறார். எல்லாக் குறிப்பிலும் இது இருக்கும், பிள்ளைகளுக்கும் எண் என்றால் பிடிக்கும். 16 என்ன? விநாடியா? உரைகள் மாத்திரை என்கின்றன. மாத்திரை உங்களுக்குப் புதிதல்ல. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணத்தில் படித்த அதே மாத்திரை. கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம். ஆசிரியர்கள் இலக்கணப் பாடத்தையும் இலக்கியப் பாடத்தையும் ஒன்றாக இணைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரு பங்கு இழுத்து, நான்கு பங்கு நிறுத்தி, இரண்டு பங்கு விடுவது என்று விகிதமாகச் சொல்லிக்கொடுத்தால் பையன்களும் மறக்கமாட்டார்கள். ஆனால் வகுப்பில் செய்து பார்க்க விடாதீர்கள். கைப்பேசியில் விநாடி ஓடவிட்டு 64 வரைக்கும் மூச்சைப் பிடித்துப் பார்த்த பையன் ஒருவன் தலைசுற்றி மேசையில் சாய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் முதல் மூன்று அங்கமும் இல்லாமல் நான்காவதை மட்டும் பிடுங்கி எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவனே சாட்சி.

நம் மண்ணோடு தொடர்புள்ள ஒரு வாழ்க்கையையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. பத்துமலை வட்டாரத்தில் சிவானந்த ஆசிரமம் இருப்பது பலருக்குத் தெரியும். சுவாமி சிவானந்தர் பத்தமடையில் 1887-இல் பிறந்தவர். 1913-இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூர் பாருவிலுமாகச் சுமார் பத்து ஆண்டுகள் மருத்துவராக இருந்தார். 1923-இல் இந்தியா திரும்பி ரிஷிகேசத்தில் துறவியானார். அவர் பின்னாளில் போதித்த யோகத்தில் முதலிடம் சேவைக்கு. ஆதனமும் தியானமும் அதன்பின்தான். தோட்டத்து நோயாளிகளைப் பார்த்த அந்தப் பத்து வருஷத்தை யோகத்துக்கு முந்திய வாழ்க்கை என்று ஒதுக்கிவிடுவதா, இயமத்தின் பகுத்துண்ணலோடு சேர்த்து எண்ணுவதா? நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

தேர்வுக்கு வருவோம். "அட்டாங்க யோகம் மனிதனைப் படிப்படியாக உயர்த்துகிறது என்பதை விளக்குக" என்ற போக்கில் கேள்வி வந்தால், மறுத்துச் சண்டை போடவேண்டாம். வரிசை உண்டு என்று ஒப்புக்கொண்டு தொடங்குங்கள். பிறகு ஒவ்வோர் அங்கத்துக்கும் தனிப் பேறு சொல்லப்பட்டிருப்பதைக் காட்டுங்கள். பகிர்வு இயமத்திலும் நியமத்திலும் ஆறாம் பேற்றிலும் தொடர்வதை எடுத்துக்காட்டாகத் தாருங்கள். எட்டையும் வரையறுத்தே நேரத்தைச் செலவழிக்காதீர்கள். திருத்துபவருக்கு அந்தப் பட்டியல் ஏற்கெனவே தெரியும்.

அந்த மாணவிக்கு மறுவாரம் இதையெல்லாம் சொன்னேன். அவள் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லா அங்கமும் கடைசி வரைக்கும் வேணும்னா, எட்டாவது பேற்றுல ஏன் ஐயா வரவேற்கத் தேவர்கள் யாருமே வரல?" என்றாள். நூலைத் திறந்து பார்த்தேன். உண்மைதான். எட்டாவது பாடலில் முழவு இல்லை, குழல் இல்லை, எதிர்கொள்ள ஆளும் இல்லை. உபாதி கடந்து தற்பரத்தைச் சேர்தல் மட்டும் இருக்கிறது. அவளைப் பலகைக்குக் கூப்பிட்டு, பழைய படத்தை அழிக்கச் சொன்னேன்.