கோட்டை கண்டனர், குளம் கண்டிலர்!

ஜூன் திங்கள் பிறந்து, அரபிக்கடலில் எழுந்த கார்முகில் சகயாத்திரி மலைமுகட்டில் வந்து மோதியதும், மராட்டிய நாட்டு இளைஞர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. சனி இரவோ ஞாயிறு விடியலோ, மும்பையிலும் புனேயிலும் புறப்படும் ரயில்களில், தோளிலே பையும் நாவிலே பாட்டுமாக, நால்வரும் ஐவருமாய்க் கூடி ஏறுகிறார்கள். மளவ்லி நிலையத்தில் இறங்கி லோகட் கோட்டைக்கு ஒரு கூட்டம். ராஜ்கட்டுக்கு ஒரு கூட்டம். ராய்கட்டுக்கு ஒரு கூட்டம். முந்நூறுக்கும் மேற்பட்ட கோட்டைகள் அம்மாநிலத்தில் உண்டு. மழைக்கால வாரமொன்றுக்கு ஒரு கோட்டை என்று ஏறினாலும், பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் முடியாத பட்டியல் அது!

இதனை எள்ளி நகையாடுவது நமது நோக்கமன்று. மலை என்றாலே அங்கோர் ஆண்டவன் குடியிருப்பான், அவனுக்கு முடி இறக்கவும் காணிக்கை போடவுமே மலையேற வேண்டும் என்று நெடுங்காலம் பழக்கப்பட்டுவிட்ட நாட்டிலே, மழையைப் பார்க்கவும் காற்றை வாங்கவும் மலையேறும் இளைஞன் தோன்றியிருப்பது நல்ல மாறுதல். அதனினும் பெரிது ஒன்று உண்டு. வழுக்குப் பாறையில் கால் இடறும்போது, மேலே நிற்பவன் கை நீட்டுகிறான். கீழே இருப்பவன் பற்றிக்கொள்கிறான். நீட்டிய கை எந்தக் குலத்துக் கை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சமூகம் சமதளத்தில் செய்ய மறுப்பதைச் செங்குத்துப் பாறை செய்ய வைக்கிறது!

ஆனால், இறங்கி வந்தபின் எழுதுகிறார்களே, அந்த எழுத்தைப் பற்றித்தான் நாம் சில சொல்ல விரும்புகிறோம்.

மழைக்காலக் கோட்டைப் பயணம் பற்றிய எழுத்துகள் இன்று ஏராளம். பத்தைப் படித்தால் பதினொன்றாவதை நாமே எழுதிவிடலாம். முதலில் மூடுபனி, பிறகு அருவி, பச்சைப் பட்டாடை உடுத்த மலைமகள், நனைந்த உடலுக்குச் சூடான தேநீர், இடிந்த வாயிலருகே நின்று ஒரு பெருமூச்சு, "இந்தக் கற்கள் பேசினால்!" என்றொரு ஏக்கம், இறுதியாக மாவீரர் புகழ். ஆயுளெல்லாம் கோட்டை கோட்டையாக அலைந்து எழுதிய கோபால் நீலகண்ட தாண்டேகர் (1916–1998) போன்றாரை நாம் குறிப்பிடவில்லை. சனிக்கிழமை ஏறி, ஞாயிற்றுக்கிழமை இறங்கி, திங்கட்கிழமை எழுதிவிடுகிறவர்களையே குறிப்பிடுகிறோம். கற்கள் பேசவில்லையே என்று இவர்கள் ஏங்குகிறார்கள். கற்கள் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. கேட்கும் செவிதான் இல்லை!

கோட்டை என்பது என்ன? பல கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளை ஒட்டி, நிலம் பிளந்து பொங்கிய தீக்குழம்பு அடுக்கடுக்காக உறைந்து கரும்பாறையாயிற்று. மழை அரித்து அரித்து, தலை தட்டையாகவும் பக்கம் செங்குத்தாகவும் நிற்கும் குன்றுகள் உருவாயின. இயற்கை எழுப்பிய மதில் அது. மன்னர்கள் செய்தது விட்ட இடத்தில் கல் அடுக்கியதுதான். ஆனால் மதில் மட்டும் கோட்டை ஆகாது. முற்றுகையிட்டவன் கீழே காத்திருப்பான். நான்கு மாத மழையைப் பிடித்து, எஞ்சிய எட்டு மாதம் குடிக்கப் பாறையைக் குடைந்து தொட்டி வெட்டினால்தான் மேலே இருப்பவன் பிழைப்பான். எனவேதான் எந்தக் கோட்டைக்குப் போனாலும் கரும்பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகள் இருக்கின்றன. கோட்டையின் உயிர் வாளில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

அந்தத் தொட்டியருகே அமர்ந்துதான் நண்பர்கள் கட்டுச்சோறு உண்கிறார்கள், குளிர்ந்த நீரை அள்ளிப் பருகுகிறார்கள், 'அமிழ்தம்!' என்று எழுதுகிறார்கள். அமிழ்தந்தான், மறுப்பாரில்லை. ஆனால் அதை அள்ளிப் பருகும் உரிமை எல்லாருக்கும் இருந்ததா? இந்த ஒரு கேள்வி அந்தக் கட்டுரைகளில் இல்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. அவரும் நண்பர்களோடு கோட்டை பார்க்கச் சென்றவரே. ஆண்டு 1934. உடன் சென்றோர் ஏறக்குறைய 30 பேர். தாழ்த்தப்பட்டோர் இயக்கத்தில் அவரோடு உழைத்த தோழர்கள். ஊர் பார்த்து வரலாம் என்று அவர்கள் ஆசைப்பட்டனர், அவரும் இசைந்தார். நிஜாம் ஆட்சிக்குட்பட்டிருந்த தௌலதாபாத் கோட்டைக்குச் சென்றனர். யாதவ மன்னர்களின் தேவகிரி அதுதான். 1327இல் முகமது பின் துக்ளக் தில்லியைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைக்க முயன்ற இடமும் அதுதான். வழிப்பயணத்தில் படிந்த புழுதி போக, கோட்டை வாயிலருகே நிரம்பித் ததும்பிய சிறு குளத்தில் சிலர் முகமும் காலும் கழுவினர். அவ்வளவே குற்றம்! முதியவர் ஒருவர் ஓடிவந்து, தீண்டத்தகாதோர் குளத்தைத் தீட்டாக்கிவிட்டனர் என்று கூச்சலிட்டார்; கூட்டம் சேர்ந்தது; வசைமொழி பறந்தது; அடிதடிக்கும் ஆயத்தமாயினர். உங்கள் மதம் இதைத்தான் போதிக்கிறதா, தீண்டப்படாதவன் ஒருவன் உங்கள் மதத்தில் சேர்ந்துவிட்டால் அப்போதும் தடுப்பீர்களா என்று அவர் கேட்டார். விடையில்லை. முடிவில் கோட்டைக்குள் போக இசைவு கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது! தொடாமல் பார்த்துக்கொள்ளப் படைக்கலம் ஏந்திய காவலன் ஒருவனும் உடன் அனுப்பப்பட்டான்.

அவர் யார் என்று நமது தோழர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ? அண்ணல் அம்பேத்கர். அந்நிகழ்ச்சிக்கு ஏழாண்டு முன்னர், 1927 மார்ச் 20இல், மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தி உரிமை நாட்டியவர். சட்டமேதை, வட்டமேசை மாநாட்டில் வாதாடியவர். அவருக்கே கோட்டைக் குளம் மறுக்கப்பட்டது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவரது சிறு நூலில் இது சில பக்கங்களே.

திறனாய்வு நோக்கில் அந்தப் பக்கங்களைப் பாருங்கள். உவமை இல்லை, மலைமகள் இல்லை, பெருமூச்சு இல்லை. புழுதி, குளம், கூச்சல், கேள்வி, காவலன் என்று நடந்தது நடந்தபடி வருகிறது. ஆயினும் படித்து முடித்தவன் பிறகு எந்தக் கோட்டைத் தொட்டியையும் பழைய கண்ணால் பார்க்க முடியாது. இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் என்றால் பிற மதத்தானும் அவனை அவ்வாறே ஒதுக்கும் அளவுக்கு அந்த நஞ்சு ஊறிப் பரவியிருந்தது என்ற உண்மையை ஒரு குளத்தங்கரையில் வைத்துக் காட்டிவிடுகிறார். எழுத்தின் ஆற்றல் ஒப்பனையில் இல்லை, எதைப் பார்ப்பது என்ற தேர்வில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அந்தக் கண்ணோடு ராய்கட் ஏறுவோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். 1674 ஜூன் 6இல் சிவாஜி முடிசூடிய இடம். ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். முடிசூட்டு விழாவின் நாளையும் சிறப்பையும் கட்டுரையாளர்கள் வரி பிசகாமல் எழுதுகிறார்கள். முடிசூட்டுக்கு முன் நடந்ததை விழுங்கிவிடுகிறார்கள். வாளால் வென்ற அரசு, வருணத்தின்முன் வாயிலில் நிறுத்தப்பட்டது! சூத்திரனுக்கு முடியேது என்றது வைதீகம். காசியிலிருந்து காகபட்டர் வரவேண்டியிருந்தது. பூணூல் அணிவித்துச் சத்திரியன் என்று சான்றளித்த பிறகே முடி தலையேறியது. அறிஞர் அண்ணா 1945இல் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தை எழுதி, காகபட்டராகத் தாமே நடித்தது இதை நாட்டுக்கு உணர்த்தத்தான். சிவாஜியாக நடித்த கணேசனுக்குப் பெரியார் சூட்டிய பெயர் நிலைத்தது. நாடகம் கேட்ட கேள்வி நிலைத்ததா? மராட்டியத்திலேயே ஜோதிராவ் பூலே 1869இல் சிவாஜியைப் பற்றிக் கதைப்பாடல் இயற்றி, உழவர் குடியின் பெருமகனாக அவரைப் பாடினார். அந்தப் பார்வையும் இவர்கள் பைக்குள் இடம்பெறவில்லை.

உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு இறங்குவோம். ஒருவர் கையில் அதிகாரம் குவியாதிருக்க, கோட்டைக்கு மூன்று அதிகாரிகளைத் தனித்தனிக் குலத்திலிருந்து அமர்த்திய சிவாஜியின் ஏற்பாட்டை வரலாற்றாசிரியர்கள் பாராட்டுகின்றனர்; பாராட்டத் தக்கதே. ஆனால் காட்டுவழி காத்தல், வேவு பார்த்தல், இரவெல்லாம் விழித்திருத்தல் என்னும் அடிவாரப் பணிகள் மகார், மாங்கு, ராமோசி மக்கள் தலையில் விழுந்தன. பகைவன் வந்தால் முதலில் சாகவேண்டியவர்கள் அவர்கள். பாட்டிலே பெயர் வராதவர்களும் அவர்கள்.

இது பழங்கதை என்பீரோ? 2023 ஜூலை 19 இரவை எண்ணிப் பாருங்கள். ராய்கட் மாவட்டத்தில் இர்சால்கட் என்றொரு கோட்டைக் குன்று. அதன் மடியில் இர்சால்வாடி. தாக்கர் பழங்குடியினரின் சிற்றூர். கோட்டை ஏறும் நண்பர்கள் அந்த ஊரைக் கடந்துதான் போகவேண்டும். அவர்கள் தேடிப் போகும் அதே மழை அன்றிரவு மலைச்சரிவைப் பெயர்த்து, உறங்கிய ஊர்மீது கொட்டிற்று. 27 உடல்கள் எடுக்கப்பட்டன. மேலும் 57 பேர் கிடைக்கவேயில்லை. வண்டி போகும் சாலை இல்லை. பெரும் பொறிகளை மேலேற்ற வழியில்லை. மீட்கச் சென்றோர் கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினர். அவர்களுள் மலையேற்றக் குழுவினரும் இருந்தனர். அந்த இளைஞர்களுக்கு நமது வணக்கம். ஆனால் இத்தனை காலம் அந்த வழியே ஏறி இறங்கி எழுதியவர்கள், 'சாலை தீண்டாத தூய்மை' என்று வியந்தார்களேயன்றி, அந்தத் தூய்மைக்குள் வாழ்பவன் நோயுற்றால் எப்படி இறங்குவான் என்று எண்ணினார்களா?

பொழுதுபோக்க மலையேறுபவனிடம் இத்தனை கணக்குக் கேட்கலாமா என்று சிலர் கேட்பர். ஏறுபவனிடம் கேட்கவில்லை, எழுதுபவனிடம் கேட்கிறோம். பேனா எடுத்தவன் பாதியைப் பார்த்து முழுமை என்று எழுதினால், படிப்பவன் அந்தப் பாதியையே வரலாறாக நம்புகிறான்.

இது மராட்டியரிடம் மட்டும் சொல்வதன்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்ற 12 மராட்டியக் கோட்டைகளுள் 11 அம்மாநிலத்தில். பன்னிரண்டாவது, 1677இல் சிவாஜி கைப்பற்றிய நமது செஞ்சி. இனி அங்கும் மழைநாளில் கூட்டம் பெருகும், கட்டுரைகளும் பெருகும். நாமும் ராஜகிரி ஏறியிருக்கிறோம். காற்று வாங்கி, தேசிங்கின் குதிரையைப் பேசி, இறங்கி வந்திருக்கிறோம். செட்டிகுளத்தங்கரையில் நின்று, யார் வெட்டினர், யார் குடித்தனர், யார் தள்ளி நிறுத்தப்பட்டனர் என்று நாம் கேட்டதில்லை. ஆகவே இந்தத் திறனாய்வு நமக்கும் சேர்த்துத்தான்.

தோழர்களே, ஏறுங்கள். மழை நல்லது, மலை நல்லது, நண்பர் கூட்டம் நல்லது. ஏறும்போது குலம் கேளாமல் கை நீட்டுகிறீர்களே, அந்தக் கையால் எழுதுங்கள். உச்சியிலே நின்று எவன் ஆண்டான் என்று கேட்குமுன், குளத்தங்கரையிலே நின்று எவன் குடித்தான் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எழுந்த அன்றுதான் கோட்டை உண்மையிலேயே திறக்கும்.